மோட்டார்ப் பிரயாணத்துக்கு ஒரு புத்தகம்

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் குடும்ப சமேதராய் மோட்டாரில் செல்வோர் தொகை விடுமுறைதோறும் பெருகி வருகிறது. ஏறக்குறைய 330 கிலோமீட்டர் தூரம். மதுராந்தகத்து ஏரி கடக்கிறது, பனைகள் கடக்கின்றன, தந்திக் கம்பிகளில் பட்சிகள் வரிசையாய் அமர்ந்திருக்கின்றன. பின் ஆசனத்துக் குழந்தைகளோ கைப்பேசியில் ஆழ்ந்து கிடக்கின்றனர். அவர்களைக் கடிந்துகொள்வது நியாயமென்று நாம் கருதவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தூண்டும்படியான தமிழ்ப் புத்தகம் ஒன்றை அவர்கள் கையில் நாம் கொடுத்திருக்கிறோமா?

ஆங்கிலேயர் இவ்விஷயத்தில் முந்திக்கொண்டனர். 1948-ஆம் வருஷத்தில் சார்லஸ் வாரல் என்ற பள்ளியாசிரியர் ‘ஐ-ஸ்பை’ என்னும் சிறு புத்தகங்களைத் தொடங்கினார். வழியில் கண்ட மரத்தையும் பறவையையும் குறித்துக்கொண்டால் இத்தனை புள்ளிகள் என்பது விளையாட்டு. ‘நியூஸ் கிரானிகிள்’ என்ற தினசரி பின்னர் அதை ஏற்று நடத்திற்று என்பதை நமது பத்திரிகை நண்பர்கள் கவனிப்பார்களாக.

நம்மிடம் எழுத ஆள் இல்லையென்று எவரும் சொல்ல முடியாது. அ. மாதவையாவின் புதல்வரான மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996-ல் காலமாகும் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கையைப் பற்றி இடைவிடாது எழுதினார்; தாமே சித்திரமும் வரைந்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகத் தொகுத்தளித்தார். தகப்பனார்கள் அதைப் படித்து இன்புறலாம். ஆனால் எட்டு வயதுக் குழந்தைக்கு வேண்டியது வேறு: கைக்கடக்கமானது, படம் நிறைந்தது, சிரிப்பு மூட்டுவது.

சிரிப்புக்குத் தமிழில் பஞ்சமா? பெயர்களே பாதி வேலையைச் செய்துவிடும். வேற்றாளைக் கண்டதும் கூச்சலிட்டு ஊரைக் கூட்டுவது ஆட்காட்டி. மாட்டின் முதுகேறி உண்ணி பொறுக்குவது உண்ணிக்கொக்கு. வயலில் நத்தை தேடுவது நத்தைகுத்தி நாரை. அதன் அலகை மூடினாலும் நடுவே இடைவெளி தெரியும், குஞ்சுக்கோ அந்த இடைவெளி இராது. பனையோலையின் அடிப்புறத்தில் எச்சிலால் கூட்டை ஒட்டி, முட்டைகளையும் அவ்வாறே ஒட்டிவைக்கும் பனை உழவாரன் எத்தனை விசித்திரமான பிராணி! கிராமத்தார் கண்ணால் பார்த்து இட்ட பெயர்கள் இவை. ‘கிங்ஃபிஷர்’ என்று சட்டெனச் சொல்லும் நகரத்துச் சிறுவன் மீன்கொத்தியென்றால் விழிக்கிறான். இன்னும் ஒரு தலைமுறை இவ்வாறே சென்றால் இப்பெயர்கள் அகராதியில் மட்டுமே மிஞ்சும். இதுவே நமது கவலை.

இத்தகைய புத்தகம் விலைபோகாது என்பர் பதிப்பாளர். திருச்சிராப்பள்ளிக்கென்றே ஒரு சிறு புத்தகம் போட்டுப் பார்க்கட்டும், விஷயத்துக்குக் குறைவில்லை. ஸ்ரீரங்கத்து ஸ்தல விருட்சம் புன்னை, திருவானைக்காவில் வெண்ணாவல். அங்கே சுவாமிக்கு நிழலாக வலை பின்னிய சிலந்தியும், அதைக் கலைத்துவிட்டு நீராட்டிய யானையும் பிணங்கிய கதையைக் கேட்டு எந்தக் குழந்தை சும்மாயிருக்கும்? சிலந்தியே கோச்செங்கட்சோழனாய்ப் பிறந்து யானை புகமுடியாத கோயில்களைக் கட்டிற்றாம்! அப்படியே சிலந்தி வலை பின்னும் விதத்தையும் சொல்லிவிடலாமே. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, மேலணைக் காப்புக்காட்டில், 2015-ல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. கறிவேப்பிலைச் செடியில் முட்டையிட வரும் வண்ணத்துப்பூச்சி காலால் இலையைச் சுவைத்தறிகிறது. அதன் இளம்புழு பறவையின் எச்சம்போல் வேஷம் போட்டுப் பகைவரை ஏமாற்றுகிறது. எச்சம் என்ற சொல்லுக்கே குழந்தைகள் ஐந்து நிமிஷம் சிரிப்பார்கள்.

வழியில் பெரம்பலூர் ஜில்லாவைச் சேர்ந்த சாத்தனூருக்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். சுமார் 12 கோடி வருஷங்களுக்கு முன் கடலடியில் புதைந்து கல்லாய்ச் சமைந்த மரமொன்று, 18 மீட்டர் நீளத்தில், அங்கே படுத்திருக்கிறது. 1940-ல் பூகர்ப்ப இலாகாவைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் அதை வெளியுலகுக்கு அறிவித்தார். இப்பக்கத்தைப் படித்த குழந்தைகள் வண்டியை நிறுத்தச் சொல்லாமல் இரார்கள். நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே விலகிச் செல்ல வேண்டியிருக்கும். ஸ்ரீரங்கம் போய்ச் சேர இரண்டு மணி நேரம் தாமதமாகுமென்று உறவினருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுவது உத்தமம்.