மரப்பொந்தில் வாழும் மலைச் சிலந்தி

தென்காசிக்கு மேற்கே, குற்றாலத்துக்கு மேல் உயர்ந்து கேரள எல்லையைத் தொடும் மலைகள், தென்மேற்குப் பருவக்காற்று கொணரும் சாரலால் ஈரம் காக்கும் காடுகளைக் கொண்டவை. இவற்றை உள்ளடக்கிய தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது, மரத்தில் வாழும் டரான்டுலா இனமான ‘பொயிசிலோதீரியா ரூஃபிலாட்டா’. ஆர். ஐ. போகாக் என்னும் ஆங்கிலேய விலங்கியலாளர் 1899-இல் திருவிதாங்கூர்ப் பகுதியிலிருந்து இதனை முதன்முதலில் விவரித்தார். இதன் பேரினத்தைச் சேர்ந்த சிலந்திகள் இந்தியாவிலும் இலங்கையிலும் அன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் இதன் உறவினமான ‘சப்ஃபஸ்கா’ உயரமான, குளிர்ந்த காடுகளில் காணப்படுகிறது.

டரான்டுலா என்பது உடலெங்கும் மயிர் அடர்ந்த பெருஞ்சிலந்திக் குடும்பம். வீட்டுச் சிலந்தியின் நச்சுப்பற்கள் இடுக்கிபோல் பக்கவாட்டில் மூட, இவற்றின் பற்கள் இணையாகக் கீழ்நோக்கி இறங்குகின்றன. கால்களை மடக்கத் தசைகள் இருப்பினும், முக்கிய மூட்டுகளை நீட்டும் தசைகள் சிலந்திகளுக்கு இல்லை. உடல்திரவத்தை அழுத்தத்துடன் கால்களுக்குள் செலுத்தியே அவை நீட்டுகின்றன. ஆகவே உடல் வறண்டால் நடையே தளர்ந்துவிடும் என்பதால், ஈரம் இவற்றுக்கு உயிர்நிலையாகும்.

அந்த ஈரத்தையும் மறைவையும் ஒருசேரத் தருவது முதிர்ந்த மரத்தின் பொந்தும் பிளந்த பட்டையின் அடிப்புறமும் ஆகும். தட்டையான உடலைக் குறுகிய இடுக்கில் நுழைத்து, உட்புறத்தில் நூலிழைகளைப் பரப்பிப் பகலில் பதுங்கும் இச்சிலந்தி, வலை விரித்துக் காத்திராமல், இரவில் பொந்தின் வாயிலில் நின்று அதிர்வை உணர்ந்து, மிக விரைவாகப் பாய்ந்து பூச்சிகளைப் பிடிக்கிறது. பெரும்பாலான சிலந்திகள் தனித்து வாழ, இப்பேரினத்தில் தாயும் குஞ்சுகளும் ஒரே பொந்தில் சிலகாலம் சேர்ந்திருப்பதுண்டு. பெண் பத்தாண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும். ஆணோ பருவமடைந்தபின் இணை தேடி அலைந்து விரைவில் இறக்கிறது.

இப்பேரினத்தின் கடி கடும் வலியையும் தசைப்பிடிப்பையும் உண்டாக்கும் என்றாலும், மனிதரைக் கண்டால் ஒளிந்துகொள்வதே இவற்றின் இயல்பு; சீண்டாதவரை அஞ்சத் தேவையில்லை.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் ரூஃபிலாட்டாவை அழிவாபத்தில் உள்ள இனமாக வகைப்படுத்தியுள்ளது. அழகுக்காக வளர்ப்போரின் சந்தைக்காக இவை பிடிக்கப்படுவதைக் கட்டுப்படுத்த, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இப்பேரினம் 2019-இல் சேர்க்கப்பட்டது. ஆயினும், பொந்து விழுந்த முதுமரங்களைப் பயனற்றவை என வெட்டிவிட்டால், வணிகக் கட்டுப்பாட்டால் மட்டும் இவற்றைக் காக்க இயலாது. புதிதாக நடப்படும் மரக்கன்று பொந்து தாங்கும் மரமாக முதிரப் பல பதிற்றாண்டுகள் ஆகும் என்பதால், இருக்கும் முதுமரங்களை நிற்கவிடுவதே இச்சிலந்தியைக் காக்கும் முதல் வழியாகும்.