ஊரில் இல்லாதவர் வாக்காளர் அல்லரா?

திருச்செங்கோட்டிலிருந்து புறப்படும் ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு தோண்டுவதற்காக இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் செல்கின்றன. அவற்றில் வேலை பார்க்கும் சுற்றுப்புறக் கிராமத்து வாலிபர்கள் மாதக்கணக்கில் வீடு திரும்புவதில்லை. வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க அலுவலர் வரும்போது, "பையன் ஊரில் இல்லை" என்று வீட்டிலுள்ள முதியோர் கூறுவது இயல்பே. அவ்வொரு சொல் "குடிபெயர்ந்தவர்" என்று பொருள் கொள்ளப்படின், பெயர் நீக்கத்திற்கு அதுவே வழியாகிவிடும்.

இதைப்பற்றிச் சட்டம் கூறுவது யாது? 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, இந்தியக் குடியுரிமையும் 18 வயதும் உடையவராய், தொகுதியில் சாதாரணமாக வசிப்பவராய் இருத்தல் வேண்டும். வயது வரம்பு 21 ஆக இருந்து 1989இல் குறைக்கப்பட்டது. முன்னர் ஜனவரி 1ஆம் தேதியை மட்டுமே கொண்டு வயது கணக்கிடப்பட்டது. 2022 முதல் ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகளும் சேர்ந்துள்ளன.

வசிப்பிடம் பற்றியே சச்சரவு மிகுதி. சொந்த வீடு இருப்பதனால் மட்டும் ஒருவர் அவ்வூரில் வசிப்பவராகிவிடார். தற்காலிகமாக வெளியே சென்றிருப்பதனால் மட்டும் வசிப்பிடத்தை இழந்துவிடவும் மாட்டார். சட்டத்தின் 20ஆம் பிரிவு இவ்விரண்டையும் சேர்த்தே சொல்லுகிறது. மனைவி மக்களை ஊரில் விட்டு ரிக் வேலைக்குச் சென்று திரும்புகிறவரை, வீடு பூட்டியிருந்தது என்பதற்காகவோ ஆள் அகப்படவில்லை என்பதற்காகவோ ஊரைவிட்டுப் போனவராகக் கருதுவது முறையன்று. குடும்பத்தோடு ஈரோட்டிற்கோ சென்னைக்கோ குடியேறிவிட்டவரின் நிலை வேறு. அவர் 8ஆம் படிவம் கொடுத்துப் பெயரை அங்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருவர் பெயர் இரண்டு இடங்களில் இருத்தலாகாது. தெரிந்தே பொய் உறுதிமொழி தருவோருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம்.

ஒருவர் குடிபெயர்ந்துவிட்டார் என்று கூறிப் பெயரை நீக்குமுன், தம் தரப்பைச் சொல்ல அவருக்குப் பதிவு அதிகாரி வாய்ப்பளித்தாக வேண்டும். அதிகாரியின் முடிவு பாதகமாயின் 15 நாட்களுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அறிவிப்பு வந்ததே தெரியாமல் இருப்பவருக்கு இவ்வுரிமையால் என்ன பயன்? தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4ஆம் தேதி தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது, டிசம்பர் 19இல் வெளியான வரைவுப் பட்டியலில் 97 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இடம்பெறவில்லை. இறந்தோரும் இரட்டைப் பதிவுகளும் அவற்றில் உண்டு. குடிபெயர்ந்தோர், காணப்படாதோர் என்று குறிக்கப்பட்டவர்களும் உண்டு.

வரைவுப் பட்டியல் வெளியானதும் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தத்தம் வார்டுப் பகுதியை வீட்டு வரிசைப்படி வாசித்துப் பார்த்தல் நலம். விடுபட்டவர்க்கு 6ஆம் படிவம், தகாத பெயருக்கு ஆட்சேபம் கூற 7ஆம் படிவம். அடையாள அட்டை கையில் இருக்கிறதே என்று பலர் வாளாவிருந்துவிடுகிறார்கள். பட்டியலில் பெயரில்லாதவருக்கு அட்டையினால் வாக்கு கிடைக்காது. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலைக் கொண்டே பஞ்சாயத்துத் தேர்தலுக்குரிய பட்டியலும் ஆயத்தம் செய்யப்படுவதால், இங்கு விடுபட்ட பெயர் அங்கும் விடுபடும். தேர்தல் அறிவிக்கப்பட்டபின், வேட்புமனுச் செய்வதற்குரிய கடைசி நாள் கடந்துவிட்டால் அத்தேர்தலுக்குப் புதிய பெயர் சேர்க்க இயலாது.