ஸ்ட்ரெச்சரையும் விற்ற கிளப்

ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது. ஒருவர் அடிபட்டு விழுகிறார். நடுவர் கையை அசைத்ததும் ஓரத்திலிருந்து நாலு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார்கள். அந்தச் சில நொடிகள் ஸ்டேடியத்தில் உள்ள அத்தனை கண்களும் அந்த ஸ்ட்ரெச்சர் மேல்தான். அப்படியென்றால் அதில் ஒரு கம்பெனி பெயரைப் போட்டுக் காசு வாங்கினால் என்ன? ஜப்பானில் கோஃபு என்ற ஊரின் கால்பந்துக் கிளப் இப்படி யோசித்தது, விற்கவும் செய்தது. வான்ஃபோரே கோஃபு என்பது கிளப்பின் பெயர். கேட்டால் சிரிப்புதான் வரும். ஆனால் அந்த யோசனை வந்த வருடம் அவர்கள் யாரும் சிரிக்கும் நிலையில் இல்லை.

முதலில் ஊர். டோக்கியோவின் ஷின்ஜுகு ஸ்டேஷனில் மேற்கே போகும் எக்ஸ்பிரஸில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் கோஃபு. நாலு பக்கமும் மலை, நடுவே கிண்ணம் போன்ற பள்ளத்தில் நகரம். கடற்கரையே இல்லாத யமனாஷி மாகாணத்தின் தலைநகரம் இது. திராட்சை, பீச் பழம், ஒயின், தெற்கே தலைகாட்டும் ஃபுஜி மலை, இவைதான் அடையாளங்கள். மாகாணம் முழுவதும் சேர்த்தே சுமார் 8 லட்சம் பேர். நகரத்தில் 2 லட்சத்துக்கும் குறைவு. 16-ஆம் நூற்றாண்டில் தகேதா ஷிங்கென் என்ற போர்த்தலைவன் இங்கிருந்து ஆண்டான். அவனுடைய போர்க்கொடியில் காற்றும் காடும் இருந்தன. அவற்றின் பிரெஞ்சுச் சொற்களை ஒட்டவைத்துத்தான் கிளப்புக்குப் பெயர் வைத்தார்கள். எண்பது தொண்ணூறுகளின் ஜப்பானுக்கு ஐரோப்பியப் பெயர் மோகம் அதிகம்.

இனி காசு விஷயம். இது புரியாமல் கோஃபுவின் கதை புரியாது.

ஜப்பானில் தொழில்முறைக் கால்பந்து லீக்கான ஜே லீக் 1993-இல் பத்து கிளப்புகளோடு தொடங்கியது. அதற்கு முன் பெரிய அணிகள் எல்லாம் கம்பெனி அணிகள். மிட்சுபிஷி, நிஸ்ஸான், மஸ்தா, மட்சுஷிதா, சுமிதோமோ மெட்டல் என்று வரிசையாகச் சொல்லலாம். ஆட்டக்காரர்கள் அந்தக் கம்பெனிகளின் ஊழியர்கள். ஜே லீக் வந்தபோது ஒரு கண்டிப்பான நிபந்தனை போட்டது: கிளப்பின் பெயரில் கம்பெனி பெயர் இருக்கக் கூடாது, ஊர்ப் பெயர்தான் இருக்க வேண்டும். மிட்சுபிஷி அணி உராவா ரெட்ஸ் ஆனது, நிஸ்ஸான் அணி யோகோஹாமா மரினோஸ், மஸ்தா அணி சான்ஃப்ரெச்சே ஹிரோஷிமா. பெயர்ப் பலகைதான் மாறியது. வருடக் கடைசியில் கணக்கில் துண்டு விழுந்தால், விளம்பரச் செலவு என்று எழுதி நிரப்பிக்கொடுக்க பின்னால் பழைய முதலாளி இருந்தார்.

கோஃபுவுக்கு அப்படி யாரும் இல்லை. ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் சேர்ந்து ஆடிய குழுதான் அதன் வேர். 1965-இல் 'கோஃபு கிளப்' ஆனது. 1972-இல் நாட்டின் இரண்டாம் டிவிஷன் தொடங்கியபோது அதில் இடம் பிடித்தது. எதிரே கம்பெனி அணிகள். இந்தப் பக்கம் வேறு வேறு இடங்களில் வேலை பார்த்துவிட்டு வந்து பந்து தட்டும் ஆட்கள். அப்படியே வருடக்கணக்காக ஓட்டினார்கள். மாகாணத்தில் திறமைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. உலகம் அறிந்த ஹிதெதோஷி நகாதா கோஃபுவில் பிறந்து, பக்கத்து ஊர் நிராசாகி பள்ளியில் ஆடியவர். பள்ளி முடிந்ததும் 1995-இல் அவர் போய்ச் சேர்ந்தது கடலோர ஊரான ஹிரட்சுகாவின் கிளப்பில். சொந்த ஊரில் அவரை வைத்துக்கொள்ளத் தொழில்முறைக் கிளப் இல்லை.

1999-இல் ஜே லீக்கின் இரண்டாம் டிவிஷனான ஜே2 தொடங்கியது. கோஃபு அதில் சேர்ந்தது. முதல் வருடம் பத்து அணிகளில் பத்தாவது. அடுத்த வருடம் பதினொன்றில் பதினொன்றாவது. அதற்கடுத்த வருடம் பன்னிரண்டில் பன்னிரண்டாவது. அப்போது ஜே2-வுக்குக் கீழே இறக்கும் விதி இல்லாததால்தான் பிழைத்தார்கள். 2000 சீசனில் தொடர்ந்து 25 ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை. அதில் 19 ஆட்டம் வரிசையாகத் தோல்வி. ஆட்டத்துக்குச் சராசரியாக 2,000 பேர்கூட வருவதில்லை. சேர்ந்துபோன நஷ்டம் 40 கோடி யென்னைத் தாண்டியிருந்தது. அந்த வருடக் கடைசியில் கிளப்பை மூடிவிடலாமா என்ற பேச்சு வெளிப்படையாகவே நடந்தது.

பங்குதாரர்கள் யார் என்றால் மாகாண அரசு, கோஃபு நகராட்சி, உள்ளூர்ப் பத்திரிகை–ஒளிபரப்புக் குழுமம் போன்றவர்கள். அரசுப் பணம் போட்டவர்கள் கணக்குக் கேட்காமல் விடுவார்களா? ஒரு வருடம் அவகாசம் தருகிறோம், மூன்று இலக்கைத் தொட்டுக் காட்டுங்கள் என்றார்கள். சராசரிப் பார்வையாளர் 3,000. கிளப்பின் ஆதரவாளர் சங்கத்தில் 5,000 உறுப்பினர். விளம்பர வருமானம் 5 கோடி யென். தொடாவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான். இந்த மூன்றில் ஒன்றுகூட ஆட்டத்தில் ஜெயிப்பது பற்றியது இல்லை. கடைசி இடத்தில் இருந்துகொண்டே ஊரைக் கூட்டிவா என்பதுதான் சவால்.

2001-இல் தலைவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் கசுயுகி உமினோ. அந்தப் பத்திரிகைக் குழுமத்திலிருந்து வந்தவர், விளம்பரத் தொழில் தெரிந்தவர். பெரிய முதலாளி ஒருவர் வந்து 5 கோடியைத் தூக்கிக் கொடுக்கப்போவதில்லை என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே எதிர்த்திசையில் போனார். ஊரில் கடை வைத்திருக்கிற ஒவ்வொருவரிடமும் போய்க் கேள், எவ்வளவு சிறிய தொகையானாலும் வாங்கு. பணம் தர முடியாதவர் பொருளாகவோ சேவையாகவோ தரட்டும். சலவைக்கடைக்காரர் ஜெர்சி துவைத்துத் தரலாம். உணவகம் ஆட்டக்காரர்களுக்குச் சாப்பாடு போடலாம். வெந்நீர்க் குளியலகம் ஆட்டம் முடிந்து வருகிறவர்களை இலவசமாகக் குளிக்க விடலாம். இவை எல்லாவற்றுக்கும் ஈடாக எங்காவது பெயர் போடுவார்கள். போட இடம் தேடித்தான் ஸ்ட்ரெச்சர் வரைக்கும் போனது. ஜெர்சியின் மார்பில் பெயர் போட 2001-இல் வந்தது ஹகுபாகு, பார்லி தானியமும் நூடுல்ஸும் விற்கிற உள்ளூர்க் கம்பெனி.

அந்த ஊர் ஸ்டேடியத்தைப் படத்தில் பார்த்தாலே விஷயம் விளங்கும். கோசே விளையாட்டுப் பூங்காவில் இருக்கிற மாகாண அரசின் தடகள மைதானம் அது. புல்வெளியைச் சுற்றி ஓட்டப்பாதை. ஓட்டப்பாதையில், கோல்களுக்குப் பின்னால், எங்கே இடம் கிடைத்தாலும் விளம்பரப் பலகைகள். கோயில் திருவிழா நோட்டீஸில் உபயதாரர் பெயர்களை நெருக்கி அடித்திருப்பார்களே, அந்த மாதிரி. இடம் சொந்தம் இல்லாததால் நிரந்தரமாக மாட்டிவைக்க முடியாது. ஆட்டத்தன்று ஊழியர்களும் தொண்டர்களுமாகத் தூக்கிவந்து அடுக்க வேண்டும், முடிந்ததும் எடுத்துவைக்க வேண்டும். எந்தக் கடையின் பலகை எந்த வரிசையில் என்பதில்கூடக் கவனம் வேண்டும். காசு கொடுத்தவர் கேலரியில் உட்கார்ந்து தன் பலகையைத் தேடுவார் இல்லையா!

இதை வெறும் ஏழ்மை என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே முதலாளியை நம்பி இருந்த ஒரு கிளப்புக்கு என்ன ஆனது என்பதை அதற்குச் சற்று முன்புதான் நாடு பார்த்திருந்தது. யோகோஹாமா ஃப்ளூகெல்ஸ் என்று ஓர் அணி, ஜே லீக்கின் முதல் பத்தில் ஒன்று. பின்னால் இருந்தவை ஒரு விமானக் கம்பெனியும் ஒரு கட்டுமானக் கம்பெனியும். 1998-இல் கட்டுமானக் கம்பெனி கைவிரித்தது. அணியை அதே ஊரின் மரினோஸோடு சேர்த்துவிடுவதாக அறிவித்தார்கள். ரசிகர்கள் தெருவில் நின்று கையெழுத்து வாங்கியும் பயன் இல்லை. ஃப்ளூகெல்ஸ் தன் கடைசி ஆட்டத்தை 1999 ஜனவரி 1 அன்று ஆடியது. அது பேரரசர் கோப்பையின் இறுதி ஆட்டம். அதில் ஜெயித்துக் கோப்பையைத் தூக்கிய கையோடு கலைந்துபோனது. மேலே இருக்கிற ஒருவர் கையெழுத்துப் போட்டால் கீழே முழுக் கிளப்பும் போய்விடும். பலகைக்குப் பலகை பணம் வாங்கினால் பத்துக் கடை விலகினாலும் கிளப் நிற்கும். வசூலிக்க அலைவதுதான் தீராத வேலை.

2001-இல் ஆட்டத்தில் மறுபடி கடைசி இடம். ஆனால் சராசரிக் கூட்டம் 3,000-ஐத் தாண்டிவிட்டது. கிளப் பிழைத்தது. அதன்பின் மைதானத்திலும் நிலைமை மாறத் தொடங்கியது. தகேஷி ஓகி என்ற பயிற்சியாளரின் கீழ் 2002-இல் ஏழாவது இடம். 2005-இல் அவரே திரும்பி வந்தபோது மூன்றாவது இடம். அந்த இடத்துக்கு ஒரு வாய்ப்பு உண்டு: முதல் டிவிஷனில் கடைசி இரண்டு இடங்களுக்குச் சற்று மேலே தொங்கிக்கொண்டிருக்கும் அணியோடு இரண்டு ஆட்டம் ஆட வேண்டும், ஜெயித்தால் இடம் மாறிக்கொள்ளலாம். எதிரே வந்தது காஷிவா ரெய்சோல், பின்னால் ஹிதாச்சி இருக்கிற அணி.

கோசேயில் நடந்த முதல் ஆட்டத்தில் கோஃபு 2-1 என முன்னிலை. முடியப்போகிற நேரத்தில் விளக்குகள் அணைந்துவிட்டன. ஸ்டேடியமே இருட்டு. அரை மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்து, விளக்கு வந்தபின் மிச்சத்தை ஆடி முடித்தார்கள். மூன்று நாள் கழித்து காஷிவாவின் ஊரில் இரண்டாம் ஆட்டம், 6-2. ஆறு கோலையும் அடித்தவர் ஒரே ஆள், பாரே என்ற பிரேசில்காரர். ஊரே கைவிட இருந்த கிளப் ஐந்தே வருடத்தில் முதல் டிவிஷனில்.

அங்கே நிலைக்கவில்லை. 2007-இல் கீழே, 2010-இல் மேலே, 2011-இல் கீழே, 2012-இல் ஜே2 சாம்பியனாக மறுபடி மேலே, 2017-இல் மறுபடி கீழே. இதற்கும் காரணம் அந்தக் கணக்குப் புத்தகம்தான். நன்றாக ஆடுகிறவரை வைத்துக்கொள்ளக் காசு இருக்காது. பாரே ஒரு வருடம் மேலே ஆடியதும் ஒசாகாவின் கம்பா கிளப் கொண்டுபோனது. 17 கோல் அடித்த மைக் ஹவெனார் ஹாலந்துக்குப் போனார். ஒரே சீசனில் 32 கோல் அடித்த தாவி, காஷிமா கிளப்புக்குப் போனார். பின்னால் ஜப்பான் தேசிய அணியின் விங்கராகப் பெயர் வாங்கிய ஜுன்யா இதோ, தொழில்முறை ஆட்டம் தொடங்கியது கோஃபுவில். இருந்தது ஒரே ஒரு சீசன். கோஃபு வளர்க்கும், மற்றவர்கள் அறுவடை செய்வார்கள். ரசிகனுக்கு இது எரிச்சலான ஏற்பாடு. ஆனால் கடன் வாங்கி ஆளைப் பிடித்துவைத்து மூழ்கிய கிளப்புகளைப் பார்த்தபின், கோஃபு செய்தது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது.

போகாமல் இருந்தவர் ஒருவர் உண்டு. 2003-இல் வந்து சேர்ந்த தடுப்பாட்டக்காரர் ஹிதெஓமி யமமோதோ. ஏறும்போதும் இறங்கும்போதும் கூடவே இருந்தவர். 2022-க்கு வரும்போது அவருக்கு வயது 42.

அந்த வருடம் லீக்கில் கோஃபு மோசம். 22 அணிகளில் 18-ஆவது இடம். ஆனால் பேரரசர் கோப்பையில் வேறு அணிபோல ஆடினார்கள். 1921-இலிருந்து நடக்கிற இந்தக் கோப்பையில் அமெச்சூர் அணிகள்கூட ஆடலாம். தோற்றால் வெளியே, அவ்வளவுதான். சப்போரோ, தோசு, ஃபுகுஓகா, காஷிமா என்று முதல் டிவிஷன் அணிகளை ஒவ்வொன்றாகச் சாய்த்து இறுதிக்கு வந்தார்கள். காஷிமாவை அதன் சொந்த மண்ணிலேயே 1-0.

அக்டோபர் 16, யோகோஹாமா. எதிரே சான்ஃப்ரெச்சே ஹிரோஷிமா, பழைய மஸ்தா. 26-ஆவது நிமிடம் மிஹிரா அடித்துக் கோஃபு முன்னிலை. 84-ஆவது நிமிடம் ஹிரோஷிமா சமன் செய்தது. கூடுதல் நேரம் முடியப்போகையில் யமமோதோவை உள்ளே இறக்கினார்கள். பெனால்டிக்கு அனுபவசாலி வேண்டும் என்ற கணக்கு. வந்த சில நிமிடங்களிலேயே பெட்டிக்குள் அவர் கையில் பந்து பட்டது. ஹிரோஷிமாவுக்குப் பெனால்டி. இருபது வருடம் உழைத்த மனிதரால் கோப்பை போகப்போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். கோல்கீப்பர் கோஹெய் கவதா பாய்ந்து அதைத் தடுத்தார். பிறகு பெனால்டி வரிசை. ஹிரோஷிமாவின் நாலாவது உதையையும் கவதா தடுத்தார். கோஃபுவின் ஐந்தாவது உதை, போட்டால் கோப்பை. நடந்து வந்தவர் யமமோதோ. வலைக்குள் அடித்தார். 5-4.

இரண்டாம் டிவிஷன் அணி இந்தக் கோப்பையை வாங்கியது இது முதல் தடவை இல்லை. 2011-இல் எஃப்சி டோக்கியோ வாங்கியிருக்கிறது. ஆனால் அது தலைநகரத்துக் கிளப், அந்த வருடம் தவறி விழுந்து கீழே இருந்தது. கோஃபுவை அதோடு ஒப்பிட முடியாது.

பரிசு 15 கோடி யென். கூடவே ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் இடம், அதோடு ஒரு தலைவலி. கோசே ஸ்டேடியம் ஆசிய விதிகளுக்குப் போதாது. சொந்த ஆட்டங்களை நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி டோக்கியோவின் தேசிய ஸ்டேடியத்தில் ஆட வேண்டியதாயிற்று. வாரநாள் ராத்திரி; கோஃபுவிலிருந்து எத்தனை பேர் வர முடியும்? அப்போதுதான் மற்ற கிளப்புகளின் ரசிகர்கள் தங்கள் தங்கள் ஜெர்சியைப் போட்டுக்கொண்டே கோஃபுவுக்காகக் கைதட்ட வந்தார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பத்தாயிரத்துக்கு மேல் கூட்டம். மெல்போர்ன் சிட்டி, தாய்லாந்தின் புரிராம், சீனத்தின் ஜெஜியாங் ஆகியவை இருந்த பிரிவில் கோஃபு முதலிடம் பிடித்தது. அடுத்த சுற்றில் ஹியுண்டாய் பின்னால் நிற்கும் கொரியாவின் உல்சான் அணியிடம் 3-0, 2-1 என்று இரண்டு ஆட்டமும் தோற்று வெளியேறியது. யமமோதோ 2024-இல், 44 வயதில் ஓய்வு பெற்றார். அந்த ஆசியப் பயணம் முழுவதும் கோஃபு ஜே2 அணியாகத்தான் இருந்தது. உல்சானிடம் தோற்றுத் திரும்பியதும் அடுத்த ஜே2 சீசனை ஆடத் தொடங்கியது.