காலதரும் கணினியும்

தமிழர் தம் மனைகளிற் காற்று நுழையும் வாயிலுக்குக் 'காலதர்' எனப் பெயரிட்டனர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. சிலப்பதிகாரத்தில் ஆளப்பெற்ற அச்சொல் இன்று வழக்கு வீழ்ந்தது. சாளரம் என்பதும், போர்த்துக்கேயர் வழி வந்த சன்னல் என்பதுமே இன்று நிற்கின்றன. சன்னலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும், பழைய நோர்ஸ் மொழியிற் 'காற்றின் கண்' எனப் பொருள்படும் சொல்லினின்று பிறந்ததே. ஆகவே சாளரத்தின் அளவை வகுத்தலாவது, காற்றுக்கும் ஒளிக்கும் குளிருக்கும் எல்லை வகுத்தலாம்.

இவ்வுண்மையை உணர்தற்கு டயகம போன்ற மலையகத் தோட்டங்களினும் சிறந்த இடம் அரிது. ஹோட்டன் சமவெளியின் அடிவாரத்தே அமைந்த டயகமவில் குளிரும் மூடுபனியும் மிகுதி. தென்மேல் பருவக்காற்று வீசுங்காலத்து மழைச்சாரலும் உடன் வரும். அங்கே தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லயன் காம்பரா, பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினது. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பெற்ற லயன்களில் பின்சுவரும் பக்கச்சுவர்களும் அயல் வீட்டாருக்கும் பொதுவாயின. இஸ்தோப்பை நோக்கிய முன்சுவர் ஒன்றே வெளிக்காற்றுக்கு உரியது. விறகடுப்பின் புகை வெளியேற அவ்வொரு சுவரையே நம்பவேண்டியிருந்தது.

அங்ஙனமாயின் அவ்வறைக்கு எவ்வளவு பெரிய சாளரம் வேண்டும்? இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகை, கதவு நீங்கலாக உள்ள திறப்புகளின் பரப்பை அறையின் தளப்பரப்போடு ஒப்பிட்டுக் கூறுகின்றது. குளிர்ப் பகுதிக்குத் தளப்பரப்பில் 1/12 பங்கும், இடைநிலைப் பகுதிக்கு 1/8 பங்கும், வெப்பமும் ஈரமும் மிக்க பகுதிக்கு 1/6 பங்கும் குறையாதிருத்தல் வேண்டும். காம்பராவின் தளப்பரப்பு 120 சதுர அடி. எனவே குளிர்ப் பகுதிக் கணக்கின்படி 10 சதுர அடியும், இடைநிலைக் கணக்கின்படி 15 சதுர அடியும் தேவை. 900 மில்லிமீற்றர் அகலமும் 1200 மில்லிமீற்றர் உயரமும் உள்ள சாளரம் ஏறத்தாழ 11.6 சதுர அடி. அது முதற்கணக்கை நிறைவு செய்யும், இரண்டாவதற்குப் போதாது. அகலத்தையும் 1200 ஆக்கின் 15.5 சதுர அடியாகி இரண்டும் நிறைவுறும்.

இத்தகைய மாற்றங்களை வரைபடத் தாளில் அழித்தெழுதும் காலம் போய், கட்டட உருவமைப்பு மென்பொருள்கள் வந்துள்ளன. அவற்றுள் ஒன்றாகிய ரெவிட் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2002இல் ஓட்டோடெஸ்க் நிறுவனத்தின் உடைமையாயிற்று. அதிற் சாளரம் வெறுங்கோடன்று. சுவரைத் தாங்கிடமாகக் கொண்ட பொருள். சுவரில் வைத்த அளவிலே திறப்புத் தானே வெட்டப்படும். சுவர் நகரின் சாளரமும் உடன் நகரும். சாளர அட்டவணையிலுள்ள எண்களும் தாமே திருந்தும்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிதல் இன்றியமையாதது. பெரும்பாலான சாளரங்களில் அகலமும் உயரமும் 'வகை'க்கு உரிய பண்புகள். தரையினின்று சாளரத்தின் அடிவிளிம்பு நிற்கும் உயரமோ ஒவ்வொரு சாளரத்துக்கும் தனித்தனியே உரியது. வகையின் அகலத்தை மாற்றினால், அவ்வகையைச் சேர்ந்த சாளரங்கள் அனைத்தும் அந்தக் கட்டட உருவமைப்பு முழுவதிலும் ஒருங்கே மாறும். ஒன்றை மட்டும் மாற்ற விரும்புவோர், முதலில் அவ்வகையைப் படியெடுத்து, வேறு பெயரிட்டு, அதன் பின்னரே புதிய அளவை இடுதல் வேண்டும். பெயரிலேயே அளவைக் குறித்தல் பின்வருவோர் மயங்காமைக்கு உதவும்.

இவ்வேறுபாடு மலையகத்துக்கு ஏன் முக்கியமாகின்றது? இந்திய உதவியுடன் அமையும் தனிவீடுகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 550 சதுர அடி. அவற்றுக்கு மேலதிகமாக 10,000 வீடுகள் கட்டப்படும் என 2017ஆம் ஆண்டு மே மாதம் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்டது. ஒரே வரைபடம் பல மலைச்சரிவுகளுக்குச் செல்லும்போது, வகையில் நேரும் ஒரு பிழை வீடுதோறும் பிழையாகும். ஒரு திருத்தமும் அவ்வாறே வீடுதோறும் நன்மையாகும். காற்றெதிர் முகத்துச் சாளரத்தைச் சிறிதாக்கி, காற்று மறைந்த புறத்ததைப் பெரிதாக்கி, அடுக்களைக்கு மேலே புகைபோகும் திறப்பு வைத்தல் கணினியிற் சில நிமிடப் பணியே. சுவர் எழுந்த பின்னரோ அது செலவும் துன்பமும் ஆகும்.

எனினும் மென்பொருளால் இயலாததும் ஒன்றுண்டு. இரு புறத்தும் திறப்பிருந்தாலன்றி அறையுள் காற்று நன்கு ஊடுருவிச் செல்லாது. மூன்று சுவரும் அயலாரோடு பகிரப்பட்ட காம்பராவில், ஒற்றைச் சாளரத்தை எவ்வளவு பெருக்கினும் அக்குறை தீராது. அங்கே மாறவேண்டியது சாளரத்தின் அளவன்று, மனையின் அமைப்பே. தனிவீட்டின் முதன்மையான பேறும் இதுவே: நாற்புறமும் அதற்கு உரியன. அந்நாற்புறத்தில் எது காற்றுக்கு, எது வெயிலுக்கு என்பதை அச்சரிவிலே வாழ்ந்தோர் நன்கறிவர். அவர்தம் அறிவைக் கேட்டறிந்த பின்னர் அளவை இடுதலே முறையாகும்.