விடுமுறைக்கு மூன்று நூல்கள்



பாடசாலைத் தவணை விடுமுறை வந்துவிட்டால் பெற்றோருக்கு இரண்டு கவலைகள். பிள்ளையை எந்த ரியூசன் வகுப்புக்கு அனுப்புவது என்பது ஒன்று. வீட்டில் இருக்கும் வேளையில் அதன் கையில் எதைக் கொடுப்பது என்பது மற்றது. கதைப் புத்தகம் என்று சொல்லிவிடுவது எளிது. கதை வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் "ஏன்?", "எப்படி?" என்று ஓயாமல் கேட்கும் வயதுக்குக் கதையல்லாத நூல்களும் தேவை. அத்தகைய மூன்று நூல்களை இன்று அறிமுகம் செய்ய விரும்புகிறேன்.

முதலாவது, மைக்கல் பரடேயின் 'மெழுகுவர்த்தியின் இரசாயன வரலாறு'. 1791இல் இங்கிலாந்தில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்த பரடே, அதிகம் பள்ளி சென்றவரல்லர். பதினான்கு வயதில் புத்தகம் கட்டும் தொழில் பழகச் சேர்ந்தவர், கட்ட வந்த நூல்களையே வாசித்து அறிவை வளர்த்துக்கொண்டார். ஜேன் மார்செட் என்ற பெண்மணி புதிதாகக் கற்போருக்கென எழுதிய இரசாயன நூல் அவரை விஞ்ஞானத்தின் பக்கம் ஈர்த்த நூல்களுள் ஒன்று.

பின்னாளில் பெரும் விஞ்ஞானியான அவர், 1860ஆம் ஆண்டு நத்தார் விடுமுறையில் தொடங்கி, இலண்டனில் சிறுவர்களுக்கு ஆறு விரிவுரைகள் நிகழ்த்தினார். அவையே 1861இல் நூலாயின. மெழுகுவர்த்தியை ஊதி அணைத்ததும் எழும் புகையருகே எரியும் குச்சியைக் கொண்டுசென்றால், சுடர் புகை வழியே ஓடித் திரியை மீண்டும் பற்றிக்கொள்கிறது. எரிவது கட்டி மெழுகு அன்று, அதன் ஆவியே என்பது அக்கணமே புரிந்துவிடுகிறது. அங்கிருந்து நீர், ஒட்சிசன், காபனீரொட்சைட்டு என்று படிப்படியாக நடத்திச் சென்று, நமது சுவாசத்துக்கும் அந்தச் சுடருக்கும் உள்ள உறவில் கொண்டுவந்து நிறுத்துகிறார் பரடே. மின்சாரம் தடைப்படும் இரவொன்றில், பெரியவர் துணையுடன் நம் பிள்ளைகளும் இதைச் செய்து பார்க்கலாம்.

இரண்டாவது, ஜவஹர்லால் நேரு தம் மகளுக்கு எழுதிய கடிதங்கள். 1928ஆம் ஆண்டின் கோடையில் பத்து வயது இந்திரா முசோரி மலையில் இருந்தார், தந்தையோ அலகாபாத்தில். அந்தப் பிரிவை நிரப்ப, பூமி தோன்றியதும் மனிதர் கூடி வாழத் தொடங்கியதும் குறித்து அவர் எழுதிய கடிதங்கள் 1929இல் நூலாக வந்தன. ஆற்றங்கரைக் கூழாங்கல் ஒன்று உருண்டையானது எவ்வாறு என்று வினவி, கல்லும் ஒரு புத்தகமே என்று காட்டுகிறார். இன்று தாயோ தந்தையோ கடல் கடந்து உழைக்க, உறவினரிடம் வளரும் பிள்ளைகள் நம்மிடையே பலர். தொலைபேசியில் "படித்தாயா?" என்று மட்டும் கேட்கும் பெற்றோருக்கு, வேறு என்னவெல்லாம் பேசலாம் என்பதை இந்நூல் சொல்லித்தரும்.

மூன்றாவது, சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கான ஆன் பிராங்கின் நாட்குறிப்பு. 1942இல் பதின்மூன்றாம் பிறந்தநாள் பரிசாகக் கிடைத்த ஏட்டில் எழுதத் தொடங்கிய இந்த யூதச் சிறுமி, அடுத்த மாதமே நாஸிகளுக்கு அஞ்சி அம்ஸ்டர்டாமில் குடும்பத்துடன் மறைந்து வாழ நேர்ந்தது. போர்க்கால நாட்குறிப்புகளைப் பேணி வையுங்கள் என்று 1944இல் இலண்டனிலிருந்து ஒலித்த வானொலி உரையைக் கேட்டபின், தன் குறிப்புகளை நூலாக்கும் எண்ணத்துடன் திருத்தி எழுதலானாள். அவ்வாண்டு ஓகஸ்ட் 4ஆம் திகதி பிடிபட்டாள். 1945இல் பேர்கன்-பெல்சன் முகாமில் இறந்தாள். ஒளிந்திருந்த எண்மரில் உயிர் தப்பிய ஒரே ஒருவரான தந்தை, 1947இல் நூலை வெளியிட்டார்.

பதுங்கு குழிகளில் பிள்ளைப் பருவத்தைக் கழித்தவர்கள் பலர் இன்று பெற்றோராக இருக்கிறார்கள். தாம் கண்டதைப் பிள்ளைகளிடம் எங்கே தொடங்கிச் சொல்வது என்று தெரியாமல் மௌனமாகிவிட்டவர்களும் அவர்களுள் உளர். இந்நூலைப் பிள்ளையோடு சேர்ந்து வாசித்தால் அந்தப் பேச்சுக்கு ஒரு வாசல் திறக்கக்கூடும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். வாசித்து முடித்த பிள்ளையிடம் பரீட்சை வைக்காதீர்கள். அது கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால், "தெரியாது, வா, தேடுவோம்" என்று சொல்லுங்கள். விடுமுறை வாசிப்பின் பயன் அந்தத் தேடலில்தான் இருக்கிறது.