முளையிலேயே களையை அறிவோம்

தீவனக் கொல்லை செழித்தால்தான் பால்மடி நிறையும். செம்மண்டலத்திலும் சிதம்பரத்தைச் சுற்றிய ஊர்களிலும் கறவைமாடு வளர்க்கும் நம் அங்கத்தினர்கள், உழவராயினும் நெசவாளராயினும், இதனை நன்கறிவர். ஆயினும் புதிதாய் விதைத்த கொல்லையில் பயிர் எது, களை எது எனத் தெளியாமல் முதல் மாதத்தைக் கழித்துவிடுவோர் பலர்.

வேலிமசாலை எடுத்துக்கொள்வோம். இதன் விதைத்தோல் கடினமானது. வெந்நீரில் நனைத்து விதைத்தாலும் மெல்லவே வளரும். களைகளோ முதல் ஈரத்திலேயே எழுந்துவிடும். இம்முதற்பருவத்தில் பயிர் நசுங்கினால், 90 நாட்களில் கிடைக்கவேண்டிய முதல் அறுப்பும், அதன்பின் 40 நாட்களுக்கு ஒருமுறை வரும் அறுப்புகளும் குன்றும்.

வேலிமசாலை ஒத்துத் தோன்றுவது கீழாநெல்லி. வேலிமசாலின் இலைக்காம்பு பல கிளைகளாகப் பிரிந்து சிற்றிலைகளைத் தாங்கும். கீழாநெல்லியின் சிறுகிளையோ பிரியாது, ஒற்றை ஈர்க்குபோல் நின்று இருபுறமும் இலை விடும்.

தீவனச்சோளத்தோடு கலந்து மயக்குவது குதிரைவாலிப் புல். இலையும் அதன் உறையும் கூடுமிடத்தை விலக்கிப் பாருங்கள். சோளத்தில் மெல்லிய சவ்வு தென்படும். குதிரைவாலிப் புல்லில் அஃது இராது. கோரையை அடித்தண்டின் மூன்று பட்டைகளால் விரலே உணரும். அதனைப் பிடுங்கினால் கிழங்கு மண்ணில் தங்கி மீண்டும் தழைக்கும். ஆதலால் தோண்டி எடுத்தல் வேண்டும்.

சாரணையின் இலைகள் சதைப்பற்றுள்ளவை. எதிரெதிராய் அமைந்த இரண்டில் ஒன்று பெரிது, மற்றொன்று சிறிது. பார்த்தீனியம் இளமையில், ஆழமாய் வெட்டுண்ட இலைகளை வட்டமாய்த் தரையோடு பரப்பும். அது தீவனத்தில் கலந்தால் பால் கசக்கும். தொட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். ஆகவே பூக்குமுன் கையுறையணிந்து களைதல் நன்று.

ஐயம் தீர எளிய வழியொன்றுண்டு. விதைக்கும் நாளிலேயே அவ்விதையில் ஒரு பிடியைக் கழுவிய ஆற்றுமணல் நிரப்பிய சட்டியில் இடுக. சட்டியில் முளைத்ததைப் போன்றது பயிர். அதனின் வேறானது களை. வரிசையில் விதைத்திருந்தால் இடைவெளியில் எழுவதெல்லாம் களையே. அப்பொழுதும் தெளியாவிடில், ஒரு நாற்றை வேரோடு ஈரத்துணியில் சுற்றி வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ, அண்ணாமலைநகரிலுள்ள பல்கலைக்கழக வேளாண்மைப் புலத்திலோ காட்டிக் கேட்கலாம். விதைத்த 15 முதல் 20 நாட்களுக்குள் முதற்களை எடுத்துவிடுக.

அறுந்த இழையைத் தறியிலேயே முடிபவரே நல்ல நெசவாளர். களையை இரண்டிலையிலேயே காண்பவர் நல்ல உழவர்.