பெண்கள் கையில் பறை

தென்காசி, குற்றாலப் பக்கத்துச் சிற்றூர்களில் பறையொலி கேட்டால், 'யார் வீட்டில் இழவு?' என்றே முதலில் வினவுகிறோம். அடிப்பவர் ஆண்கள்; அவர்களுக்கு வாய்த்ததோ சொற்பக் கூலியும் சாதி இழிவும். அப்பறையையே பெண்கள் கையில் கொடுத்தார் அருட்சகோதரி சந்திரா. 1990-இல் திண்டுக்கல்லில் அவர் தொடங்கிய சக்தி நாட்டுப்புறக் கலை மையம், படிப்பை இடையில் விட்ட ஏழைத் தலித் பெண்களுக்குத் தையலோடு பறையாட்டமும் கற்பித்தது. தோலை அனலில் காய்ச்சி, தோளில் மாட்டி, அடித்துக்கொண்டே ஆடுவது எளிதன்று. தலைகுனிந்தே பழகியவள் ஊர் நடுவே நிமிர்ந்து நிற்கிறாள். அமெரிக்க இசை ஆய்வாளர் சோயி ஷெரினியன் இவர்களைப் பற்றி ஆவணப்படமே எடுத்தார். பறையை ஒதுக்கியதில் நம் குடும்பங்களுக்கும் பங்குண்டு. நம் பங்குத் திருவிழாவுக்கு இவர்களை அழைத்தால், சப்பரத்துக்கு முன்னே ஆடவிடுவோமா, தெருமுனையிலேயே நிறுத்திவிடுவோமா?